ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினம் பக்கம் வீடு கட்டுறோம், போர் தண்ணி ஒரே உப்பு. தண்ணி மிச்சப்படுற மாதிரி இப்பவே என்னென்ன பண்ணி வைக்கணும்?

கடலோர வீடு எழுதியது:

எல்லாருக்கும் சலாம். பெரியபட்டினத்துக்குக் கொஞ்சம் தள்ளி கடலோரமா 7 சென்ட்ல வீடு கட்டிக்கிட்டு இருக்கோம், கீழ்த்தளம் மட்டும், 1000 சதுர அடி. மச்சான் (என் வீட்டுக்காரர்) துபாய்ல இருக்காங்க, சைட்ட பாத்துக்கிறது நானும் எங்க மாமாவும்தான். இப்ப லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல வர்ற கான்கிரீட் பட்டை) மட்டம் வந்துருச்சு, அடுத்த மாசம் சென்ட்ரிங் அடிச்சு ரூஃப் போடணும்னு கொத்தனார் சொல்றாரு.

பிரச்சினையே தண்ணிதான். போர் 110 அடி போட்டோம், தண்ணி நல்லாத்தான் வருது ஆனா வாயில வைக்க முடியல, அப்படிக் கரிக்குது. தண்ணியில கரைஞ்ச உப்ப அளக்குற டி.டி.எஸ் மீட்டர் இரவல் வாங்கி வச்சு பாத்தேன், 4800 காட்டுது. சோப்புப் போட்டா நுரை வரல, குளிச்சா தலைமுடி கயிறு மாதிரி ஆயிடுது. தெருக் குழாய்ல கூட்டுக் குடிநீர் வாரத்துக்கு ஒரு நாள் வரும், சில வாரம் அதுவும் இல்ல. குடிக்க சமைக்க வண்டிக்காரர்கிட்ட குடம் 10 ரூபான்னு தினம் 4 குடம் வாங்குறோம், மாசம் 1200 ரூபா அதுக்கே போகுது, வீட்டுல நாங்க 5 பேர். சின்னப் பிள்ளையில உம்மா கூட ஊத்துக்குப் போயி குடம் சுமந்தவ நான், என் பிள்ளைக அந்தக் குடத்த தூக்கக் கூடாதுன்னுதான் இந்த வீட்டையே கட்டுறோம்.

பிளான் போட்டுக் கொடுத்தவரு கிரீன் பில்டிங்னு சொல்லி ஒரு லிஸ்ட் தந்திருக்காரு. சென்சார் குழாய், தண்ணியில்லாம வேலை செய்ற யூரினல், பெரிய ஆர்.ஓ, தோட்டத்துக்கு டைமர் வச்ச ஸ்பிரிங்ளர்னு எல்லாம் சேத்து 2.5 லட்சம் கூட ஆகும்னாரு. மச்சான் மனசார செய்யலாம்னுதான் சொல்றாங்க, ஆனா அது அவங்க வெயில்ல நின்னு சம்பாதிச்ச காசு. இதுல எது நம்ம ஊருக்கு உண்மையிலேயே உதவும், எத விட்டுடலாம், ரூஃப் போடுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ண வேண்டியது எது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க, ப்ளீஸ்.

ராம்நாடு சைட் எழுதியது:

லாத்தா, நான் இங்கதான் 14 வருஷமா சைட் பாக்குறேன். உங்க லிஸ்ட்டுக்கு அப்புறம் வர்றேன், முதல்ல ஒண்ணு கேக்கணும், கலவைக்கு எந்தத் தண்ணிய ஊத்துறாங்க? அந்த 4800 போர் தண்ணியையேவா? அப்படின்னா இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊத்துற தண்ணியில குளோரைடு (உப்புல இருக்கும், கம்பியத் துருப்பிடிக்க வைக்கும்) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456ல இருக்கு. நம்ம கரையில டி.டி.எஸ் 4800ன்னா அதுல பெரும்பங்கு சாப்பாட்டு உப்புதான், குளோரைடு அந்த அளவ விட பல மடங்கு இருக்கும். ஒரு லேப்ல டெஸ்ட் குடுத்து ரிப்போர்ட்டா வாங்கி கைல வச்சுக்கோங்க, கொத்தனார்கிட்ட பேச அது உதவும்.

நான் கண்ணால பாத்தத சொல்றேன். தேவிபட்டினம் பக்கம் ஒரு வீடு, கட்டி 9 வருஷம், அடுப்படி சீலிங் பொத்துனு விழுந்துச்சு, நல்லவேளை ஆள் இல்ல. ஏறிப் பாத்தா 8 எம்.எம் கம்பி துருப்பிடிச்சு துடைப்பக் குச்சி கணக்கா மெலிஞ்சு கிடக்கு, விரலால தட்டினா தகடு தகடா உதிருது. அந்த வீடு முழுக்க போர் தண்ணியில கட்டினது. வீட்ட இடிச்சுத் திரும்பக் கட்டுறத விட தண்ணிய, சிமெண்ட, மணல வீணாக்குற வேலை வேற என்ன இருக்கு? அதனால என்னைக் கேட்டா நம்ம கரைக்கு முதல் கிரீன் பில்டிங் வேலையே நல்ல தண்ணியில ரூஃப் போடுறதுதான்.

பயப்பட வேண்டாம், நிறையல்லாம் வேண்டியதில்ல. 1000 சதுர அடிக்கு 5 இஞ்ச் ரூஃப்னா சுமார் 12 கன மீட்டர் கான்கிரீட், கன மீட்டருக்கு 180 லிட்டர்னு போட்டாலும் கலவைக்கு 2200 லிட்டர்தான் ஆகுது, பீமோட சேத்து 3000 வச்சுக்கோங்க. கியூரிங்குக்கு (கான்கிரீட் இறுகுற வரைக்கும் ஈரமா வைக்கிறதுக்கு) மேல பாத்தி கட்டி 2 இஞ்ச் நிறுத்தினா ஒரு நிறைப்புக்கு 4700 லிட்டர். ரெண்டு மூணு டேங்கர் லோடுல முடிஞ்சுரும், அதுக்கு ஆகுற காச வீட்டோட மொத்தச் செலவுல தேடினாக் கூட கிடைக்காது. வெயில்ல பாத்தித் தண்ணி சீக்கிரம் வத்தும், அதனால மேல கோணிச்சாக்க விரிச்சு நனைச்சு பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினா தண்ணி பாதி கூட செலவாகாது. காலம்களுக்கும் (தூண்களுக்கும்) சாக்கு சுத்திக் கட்டிருங்க. பி.பி.சி (சாம்பல் கலந்த) சிமெண்ட்னா 10 நாள் குறையாம ஈரம் இருக்கணும், கொத்தனார் 5 நாள் போதும்பாரு, விடாதீங்க.

அடுத்தது மழை. நம்ம மாவட்டம் வறண்டதுன்னு சொல்லியே நாம மழைய கணக்குல எடுக்கிறதில்ல. வருஷ சராசரி 800 மில்லிமீட்டருக்கு கொஞ்சம் மேல, அதுல பாதிக்கு மேல ஐப்பசி கார்த்திகை மார்கழியில கொட்டிடும். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் பெஞ்சா ஒரு லிட்டர், உங்க மாடி 93 சதுர மீட்டர், ஆக வருஷத்துக்கு 70,000 லிட்டருக்கு மேல உங்க தலைக்கு மேல விழுது. ஆவியாறது, சிதறுறது, முதல் மழையில கழுவி விடுறது எல்லாம் கழிச்சா 60,000 நிக்கும், மழை குறைஞ்ச வருஷத்துலயும் பாதிக்குப் பாதி தேறும். நீங்க காசு குடுத்து வாங்குறது எவ்வளவு? ஆளுக்கு 7 லிட்டர்னு குடிக்க சமைக்க 5 பேருக்கு 35 லிட்டர், மழை நின்னதுல இருந்து அடுத்த மழை வரைக்கும் 9 மாசம், 270 நாள், 9450 லிட்டர். 10,000 லிட்டர் தொட்டி ஒண்ணு போதும். 8க்கு 8, ஆழம் அஞ்சரை அடி. நல்லா ரெண்டு மூணு மழை அடிச்சாலே ரொம்பிடும்.

ரூஃப் போடுறதுக்கு முன்னாடி முடிவு பண்ண வேண்டியது இதுதான்: மாடிக்கு வாட்டம் எந்தப் பக்கம், தண்ணி இறங்குற பைப் எத்தனை, தொட்டி எங்க. நாலு மூலையில நாலு பைப் விட்டு தெருவுல ஊத்துற மாதிரிதான் எல்லாரும் வைக்கிறாங்க. ஒரே பக்கமா வாட்டம் குடுத்து 4 இஞ்ச் பைப் ரெண்டு இறக்குங்க, ரெண்டும் தொட்டிக்கு வரட்டும்.

பாம்பன் கரை எழுதியது:

மகளே, நீ ஊத்தப் பத்தி எழுதினதப் பாத்துட்டுத்தான் எழுத உக்காந்தேன். எனக்கு 61 வயசு, பாம்பன்ல பிறந்து தங்கச்சிமடத்துல வாக்கப்பட்டவ. எங்க அம்மா விடியக்காலம் 4 மணிக்கு எழுப்பி மணல்ல கூட்டிட்டுப் போவா. கையாலயே ரெண்டு மூணு அடி தோண்டி ஓரத்துல உக்காந்து சிரட்டையால மெல்ல மெல்ல மோந்து ஊத்துவா. நான் அவசரப்பட்டு சிரட்டைய உள்ள அமுக்கினா கைல ஒரு அடி விழும், “கலக்காத, மேல நிக்கிறதுதான் நல்லதண்ணி, அடியில கடல் கெடக்கு”ம்பா. ஒரு குடம் ரொம்ப முக்கால் மணி நேரம் ஆகும். ஊறி வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கணும். அந்தத் தண்ணி இளநி மாதிரி இருக்கும்.

இப்ப எல்லாரும் 100 அடி 150 அடின்னு போர் போட்டு உப்ப இழுத்துட்டு, தண்ணி கெட்டுப் போச்சுங்கிறாக. எங்க வீட்டுல இன்னைக்கும் 14 அடி உறைக்கிணறுதான். அர ஹெச்.பி. மோட்டார், காலையில 20 நிமிஷம் சாயந்தரம் 20 நிமிஷம், அதுக்கு மேல போட விடமாட்டேன். பக்கத்துல புதுசா ஒருத்தர் தங்கும் விடுதி கட்டி பெரிய மோட்டார் போட்டு ராவும் பகலுமா உறிஞ்சினாரு, ஆறே மாசத்துல என் கிணத்துத் தண்ணி டீ போட்டா திரிஞ்சுச்சு. அவர்கிட்ட போயி சண்டை போடல, உக்காந்து பேசினேன், அவரு தண்ணியும் உப்பாயிட்டதால அவருக்கே புரிஞ்சுச்சு. மோட்டார குறைச்சாரு. அடுத்த மழையில மாடித் தண்ணி முழுக்க கிணத்துப் பக்கம் விட்டோம், ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் பழைய ருசி கொஞ்சம் திரும்புச்சு.

போர மூடச் சொல்லல. ஆனா ஒரு உறைக்கிணறு இறக்கிப் பாரு மகளே. மணல் பூமியா இருந்தா பெரும்பாலும் மேல நல்லதண்ணி நிக்கும்.

ராம்நாடு சைட் எழுதியது:

அம்மா சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல. அவங்க அம்மா சிரட்டையோட சொன்னததான் எங்களுக்கு காலேஜ்ல கைபன் ஹெர்ஸ்பெர்க்னு ரெண்டு பேர் பேரச் சொல்லி நடத்தினாங்க. நல்லதண்ணி லேசு, கடல்தண்ணி கனம், அதனால மணலுக்குள்ள நல்லதண்ணி மேல மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்லதண்ணி நின்னா அடியில சுமார் 40 அடிக்கு உப்ப அமுக்கி வச்சிருக்கும். இதத் திருப்பிப் போட்டுப் பாருங்க, நீங்க ஒரு அடி மட்டத்த இறக்கினா அடியில இருந்து உப்பு 40 அடி ஏறி வர இடம் குடுக்குறீங்க. பெரிய மோட்டார் போட்டா கிணறு கெடுறது இதனாலதான்.

அதனால தொட்டி ரொம்பி வழியிற மழைய தெருவுக்கு விடாம உறைக்கிணத்துப் பக்கம் மண்ணுக்குள்ள இறக்குங்க. 2003ல மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம்னு சட்டம் வந்தப்ப நம்மாளுக பேருக்கு ஒரு குழியத் தோண்டி ஜல்லியப் போட்டு விட்டாங்க, அதுல பல இன்னைக்கு மண்ணடைச்சுக் கிடக்கு. வருஷா வருஷம் புரட்டாசியில மேல் மணல எடுத்துக் கழுவிப் போட்டாத்தான் அது உயிரோட இருக்கும்.

ஒரு எச்சரிக்கை, செப்டிக் டேங்கும் அதோட உறிஞ்சு குழியும் உறைக்கிணத்துல இருந்தும் தொட்டியில இருந்தும் 50 அடி தள்ளி இருக்கணும். மணல் கிருமிய முழுசா தடுத்துராது.

குழாய்க்காரன் எழுதியது:

அக்கா நான் பிளம்பர், மண்டபத்துல இருந்து சாயல்குடி வரைக்கும் வேலை பாத்திருக்கேன். சென்சார் குழாய் வேண்டாம்க்கா, தயவு செஞ்சு வேண்டாம். நம்ம தண்ணிக்கு அதுக்குள்ள இருக்குற சின்ன வால்வு ஒரு வருஷம் தாங்காது, உப்புப் பூத்து அடைச்சுக்கும், அப்புறம் ஒழுகிக்கிட்டே கிடக்கும். ஸ்பிரிங்ளரும் அதே கதைதான், அதோட உப்புத்தண்ணி இலையில பட்டா செடி கருகிடும். யூரினல் வீட்டுக்கு எதுக்கு?

உங்களுக்கு நான் சொல்றது ரெண்டு லைன். செவுத்துல காடி வெட்டுறதுக்கு முன்னாடி முடிவு பண்ணிருங்க, பூச்சு முடிஞ்சா அப்புறம் டைல்ஸ ஒடைக்கணும். மேல ரெண்டு டேங்க், ஒண்ணு நல்லதண்ணி, ஒண்ணு உப்புத்தண்ணி. கக்கூஸ் பிளஷ், தரை கழுவுறது, வாசல் தெளிக்கிறது எல்லாம் உப்பு லைன். அடுப்படியும் வாஷ்பேசினும் நல்ல லைன். குளிக்கிறதுக்கு ரெண்டும் வச்சு, உப்புல குளிச்சு கடைசி ஒரு வாளி நல்லதண்ணியில தலைக்கு ஊத்திக்கலாம், எங்க வீட்டுல அப்படித்தான். ஹாங்காங்ல 1950கள்ல இருந்தே கக்கூஸுக்குக் கடல்தண்ணியத்தான் தனி பைப்ல விடுறாங்கன்னு அங்க கப்பல்ல போய்ட்டு வந்த எங்க சித்தப்பா சொல்லுவாரு, அவ்வளவு பெரிய ஊரே செய்யுது. ரெண்டு லைனையும் ஒரு இடத்துல கூட வால்வு வச்சு சேக்காதீங்க, எவனாவது ஒரு நாள் தொறந்து விட்டுருவான். பைப்புக்கு வேற வேற கலர் எடுங்க, இல்லாட்டி பெயிண்ட்லயாவது கோடு போட்டு வைங்க.

பிளஷ் டேங்க் ரெண்டு பட்டன் உள்ளது வாங்குங்க, 3 லிட்டரும் 6 லிட்டரும். பழைய டேங்க் ஒரு தடவைக்கு 10 லிட்டர் ஊத்தும். ஆளுக்கு நாலு சின்னது ஒரு பெருசுன்னு கணக்குப் போட்டா 50 லிட்டர் போற இடத்துல 18தான் போகும், 5 பேருக்கு நாளைக்கு 160 லிட்டர் மிச்சம். உப்புத்தண்ணின்னாலும் அதுக்குக் கரண்ட் செலவு, மோட்டார் ஓட்டம் இருக்குல்ல. உள்ள இருக்குற போல்ட் நட்டு ஸ்டீலா இருக்கக் கூடாது, பித்தளை இல்ல பிளாஸ்டிக்னு கேட்டு வாங்குங்க.

நல்லதண்ணி குழாய்க்கு மட்டும் ஏரேட்டர் மாட்டிக்கலாம், வாயில சின்ன சல்லடை மாதிரி இருக்கும், காத்தக் கலந்து தண்ணிய விடும், பாத்திரம் கழுவ பாதித் தண்ணி போதும். மாசம் ஒரு தடவை கழட்டி எலுமிச்சம்பழச் சாத்துல ஊறப் போட்டு பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சா புதுசு மாதிரி ஆயிடும்.

ஆர்.ஓ பத்தியும் சொல்லிடுறேன், வீட்டுக்கு விக்கிற சாதா மெஷின் 2000 டி.டி.எஸ் வரைக்கும்தான் தாங்கும், 4800ல போட்டா மெம்பரேன் (உள்ள உப்ப வடிகட்டுற சவ்வு) மாத்தி மாத்தியே காசு போயிடும். ஒரு லிட்டர் எடுக்க ரெண்டு மூணு லிட்டர் இன்னும் உப்பாகி வெளிய போகும், அத மண்ணுல விட்டா மண்ணும் போச்சு.

கீழக்கரை தோட்டம் எழுதியது:

எல்லாம் சரி, ஆனா குளிச்ச தண்ணிய யாரும் பேசலையே. எங்க வீட்டுல குளிக்கிற, துவைக்கிற தண்ணிய ஒரு தொட்டியில விட்டு கல்வாழை நட்ட ஜல்லிப் பாத்தி வழியா வடிச்சு தோட்டத்துக்கு விடுறோம், 6 வருஷமா ஓடுது. பாத்தி 10 அடி நீளம் 3 அடி அகலம், அடியில பெரிய ஜல்லி மேல சின்ன ஜல்லி. தண்ணி மேல தெரியக் கூடாது, ஜல்லிக்கு ஒரு சாண் கீழயே ஓடணும், இல்லாட்டி கொசு வரும். அடுப்படித் தண்ணிய இதுல விடாதீங்க, எண்ணெய் பிசுக்கு அடைச்சுரும்.

ஆனா நான் பட்ட பாட்டச் சொல்லணும். முதல்ல ஆசைப்பட்டு கீரை, கத்திரி, முருங்கைன்னு எல்லாத்துக்கும் விட்டேன். ஏற்கனவே உப்புத்தண்ணியில குளிக்கிறோம், அதோட சோப்புத்தூள் உப்பும் சேருது, ஒரே வருஷத்துல மண்ணு மேல வெள்ளையா பூத்து, மழை பெஞ்சாலும் தண்ணி இறங்காம மெழுகின தரை மாதிரி ஆயிடுச்சு. கீரை முளைக்கவே இல்ல. உண்மையிலேயே அழுதுட்டேன். தென்னை மட்டும் ஜம்முனு நின்னுச்சு. இப்ப அந்தத் தண்ணி நாலு தென்னைக்கும் கல்வாழைக்கும் மட்டும்தான், கீரைக்கு அரிசி கழுவுன தண்ணி, காய் கழுவுன தண்ணி. மழைக்காலத்துல பாத்தியத் தொறந்து விட்டு உப்பக் கழுவி விட்டுருவேன்.

ராம்நாடு சைட் எழுதியது:

தோட்டத்துக்காரங்க சொல்றது ரொம்ப முக்கியம். புத்தகத்துல இருக்குற கிரே வாட்டர் (குளிச்ச, துவைச்ச தண்ணி) டிசைன் பெரும்பாலும் நல்லதண்ணி ஊர்க்காரங்க எழுதினது, நம்ம ஊருல குளிக்கிற தண்ணியே உப்புங்கிறத யோசிக்காம அப்படியே காப்பி அடிச்சா தோட்டம் போயிடும்.

கடலோர வீடு எழுதியது:

எல்லாரும் இவ்வளவு அக்கறையா எழுதியிருக்கீங்க, மச்சானுக்கு போன்ல முழுசையும் படிச்சுக் காமிச்சேன். ரெண்டு நாள்ல நடந்தத சொல்றேன்.

கலவைக்குப் போர் தண்ணியும் ஊத்தியிருக்காங்க, ஆனா அஸ்திவாரமும் காலமும் போட்டப்ப பக்கத்து ஊர் கிணத்துத் தண்ணி டேங்கர்ல வந்துச்சாம், செங்கல் கட்டுக்கு மட்டும்தான் போர் தண்ணின்னு கொத்தனார் சொன்னாரு, மாமா டேங்கர் ரசீது எல்லாம் எடுத்துப் பாத்தாங்க, சரியாத்தான் இருந்துச்சு. லிண்டல் பெல்ட்டுக்கு எதுன்னு அவருக்கே நிச்சயமா தெரியல. அதுதான் மனசு உறுத்துது, இதுக்கு ஏதாவது பண்ண முடியுமா?

பாம்பன் அம்மா, நீங்க சொன்ன மாதிரி வேலிப் பக்கம் மணல்ல ஆளு விட்டுத் தோண்டினோம். 9 அடியில தண்ணி வந்துச்சு. நான் கீழ இறங்கி சிரட்டையில மேலாப்புல மோந்து மீட்டர வச்சேன், 640! மாமா நம்பல, ரெண்டு தடவை கழுவித் திரும்ப வச்சோம், 640தான். அத வாயில ஊத்தினப்ப உம்மா ஞாபகம் வந்துருச்சு. 15 அடிக்கு உறை இறக்கச் சொல்லியாச்சு.

இன்னொரு சந்தேகம், மாடித் தண்ணிய குடிக்கிற தொட்டிக்கு விடுறப்ப காக்கா எச்சம், தூசி எல்லாம் வருமே, அதுக்கு ஒரு 3 அடி பைப்ப நட்டு முதல் தண்ணிய அதுல பிடிச்சா போதும்னு கொத்தனார் சொல்றாரு, சரியா?

ராம்நாடு சைட் எழுதியது:

640ன்னு பாத்ததும் எனக்கே சந்தோஷமா இருக்கு லாத்தா. ஆனா கிணறு இறக்கின பிறகு ஒரு வாரம் இறைச்சுப் பாத்து மறுபடி அளங்க, மாசம் ஒரு தடவை அளந்து காலண்டர்ல எழுதி வைங்க. ஏறுற மாதிரி தெரிஞ்சா மோட்டார் நேரத்தக் குறைக்கணும். குடிக்கிறதா இருந்தா லேப்ல கிருமி டெஸ்டும் பாத்துருங்க.

3 அடி பைப் போதாது. 4 இஞ்ச் பைப்புல மீட்டருக்கு 8 லிட்டர்தான் நிக்கும், உங்க மாடியில ஒரு மில்லிமீட்டர் மழைன்னாலே 93 லிட்டர். நம்ம ஊருல எச்சம் தூசியோட ஆடிக்காத்துல வந்து ஒட்டின கடல் உப்பும் மாடியில இருக்கும், அது முழுக்க போகணும். 200 லிட்டர் டிரம் ஒண்ணு வச்சு அது ரொம்பினதுக்கு அப்புறம் தொட்டிக்குத் திரும்புற மாதிரி பண்ணுங்க, டிரம் தண்ணிய தென்னைக்குத் தொறந்து விட்டுரலாம். அடுத்து கூழாங்கல், கரி, மணல் போட்ட சின்ன ஃபில்டர். தொட்டிக்கு வெளிச்சமே போகக் கூடாது, மூடி இறுக்கமா இருக்கணும், காத்துக் குழாய்க்கும் வழியிற குழாய்க்கும் கொசுவலை கட்டுங்க. புதுத் தொட்டி முதல் நிறைப்பு சுண்ணாம்பு வாடை அடிக்கும், அத வீட்டு வேலைக்குப் பயன்படுத்திருங்க. குடிக்கிறது எப்பவும் கொதிக்க வச்சு. மாடியில தட்டோடு இல்லாட்டி வெள்ளை டைல்ஸ் போடுங்க, வீடும் குளுகுளுன்னு இருக்கும் தண்ணியும் சுத்தமா வரும்.

லிண்டல் பத்தி, கம்பிக்கு வெளிய கான்கிரீட் கனம் ஒழுங்கா இருந்தா உடனே ஒண்ணும் ஆகாது. பூச்சுக்கு நல்ல தண்ணி மட்டும் ஊத்தச் சொல்லுங்க, ஈரம் ஏறாம ஜன்னல் மேல சன்ஷேட் கொஞ்சம் நீட்டி விடுங்க. முடிஞ்சா நான் ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் வர்றேன், ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டு சொல்றேன், காசெல்லாம் வேண்டாம்.

குழாய்க்காரன் எழுதியது:

அக்கா ரூஃப் எப்ப? பைப் இறங்குற ஓட்டைய கம்பி கட்டுறப்பவே வச்சுரணும், அப்புறம் துளை போட்டா ஒழுகும். தேதி சொல்லுங்க, அன்னைக்கு நான் வந்து நிக்கிறேன்.

கடலோர வீடு எழுதியது:

ஆவணி 20க்கு மேலன்னு சொல்லியிருக்காரு தம்பி. தேதி உறுதியானதும் இங்கயே போடுறேன். தொட்டிக்குக் குழி நாளைக்கு ஆரம்பிக்குது, ஐப்பசி மழைக்குள்ள முடிச்சாகணும்.

பாம்பன் கரை எழுதியது:

முதல் மழை ரொம்பினதும் ஒரு சொம்பு எடுத்து உன் உம்மாவுக்குக் குடு மகளே.